கண்டிக்கிறீர்களா?

காலையில் கம்ப்யூட்டர் சென்டரின் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஃபிளோரா முதலில் செய்யும் வேலை, ஓரத்து மெஷினில் முந்தின நாள் வந்து கிடக்கும் செய்திகளைப் படிப்பது. அன்றைக்குக் கடைசிச் செய்தியைப் படித்ததும் கையிலிருந்த சாவிக்கொத்தை மேஜைமேல் வீசினாள். அது வழுக்கிப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது.

செய்தி ஒரே வரி. எழுதியது முகம்மது இப்ராஹிம். வரியில் இருந்தது ஒரே ஒரு வசவு. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காய்கறி வண்டி இறங்கும் நேரத்தில் பத்து தடவை காதில் விழுகிற சொல்தான். ஆனால் இப்ராஹிம் அதை எழுதிவிட்டார், அதுவும் புரொபசர் காந்திமதிநாதனைப் பார்த்து எழுதிவிட்டார்.

ஃபிளோராவுக்குக் கோபம் இப்ராஹிம்மேல் இல்லை.

சமாதானபுரத்தில் அந்த சென்டரை நடத்தியவர் சிவசங்கரன். பகல் முழுவதும் பிள்ளைகளுக்கு வகுப்பு. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் சென்டரின் ஒரே டெலிபோன் வயரைப் பிடுங்கி மோடத்தில் சொருகிவிடுவார். அதற்குப் பிறகு ஃபீஸ் விவரம் கேட்க யாராவது கூப்பிட்டால் கீச்சென்று ஓர் இரைச்சல்தான் பதிலாக வரும். ஆனால் ஊரில் கம்ப்யூட்டரும் மோடமும் வைத்திருந்த பத்துப் பதினைந்து பேருக்கு அந்த இரைச்சல் கதவு திறக்கும் சத்தம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். வந்து, மற்றவர்கள் எழுதிப் போட்டதைப் படித்து, தன் பங்குக்கு ஏதாவது எழுதிப் போட்டுவிட்டு போனை வைப்பார். அடுத்தவர் வருவார். எழுதுவது தமிழ், எழுத்து மட்டும் இங்கிலீஷ். பேச்சு முழுக்க அரசியல். அதற்கு ‘நெல்லைப் பலகை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அரசியல் என்றால் சண்டை வராமல் இருக்குமா? பலகை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு வக்கீலும் ஒரு டாக்டரும் அப்பன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் சிவசங்கரன் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஃபிளோராவிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

“உனக்குக் கட்சி கிடையாது. நீ கடக்கரைப் பக்கம். இங்கன உள்ளவங்க சண்டையில உனக்குப் பங்கு ஒண்ணும் இல்ல. நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்க” என்றார்.

ஃபிளோரா மூன்று விதி போட்டாள். சொந்தப் பெயரில் எழுத வேண்டும். வீட்டாரை இழுக்கக் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. மீறினால் ஒரு மாதம் வெளியே. வக்கீலையும் டாக்டரையும் ஒரே நாளில் வெளியே தள்ளினாள். இருவரும் போனில் கத்தினார்கள். மாதம் முடிந்ததும் ஒழுங்காகத் திரும்பி வந்தார்கள். அதன் பிறகு இரண்டு வருஷம் பெரிய தொந்தரவு இல்லை.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்தன.

மறுநாளே காந்திமதிநாதன் பலகையில் எழுதினார். கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர், பலகையில் எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை. ஒரு கடினமான சொல் அவர் எழுத்தில் வராது. ‘நண்பர் முகம்மது இப்ராஹிம் அவர்கள் இந்தக் கொடுமையைக் கண்டிக்கிறாரா என அறிய ஆவல்.’

இப்ராஹிம் மேலப்பாளையத்துக்காரர். திருநெல்வேலி சந்திப்பில் டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை அச்சுக்கோப்பதுதான் முக்கால்வாசி வேலை. அவர் உடனே பதில் போட்டார். கண்டிக்கிறேன், குண்டு வைத்தவன் நாசமாகப் போவான், என் அக்கா மகன் அங்கேதான் படிக்கிறான், இன்னும் தகவல் இல்லை, வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று எழுதினார்.

‘மகிழ்ச்சி. மனதாரத்தான் சொல்கிறாரா?’ என்று அடுத்து கேட்டார் காந்திமதிநாதன்.

மனதாரத்தான் என்றார் இப்ராஹிம்.

‘அவர் வீட்டாரும் உறவினரும் தங்களுக்குள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்களா?’

அக்கா மகன் பத்திரமாக இருக்கும் தகவல் வந்தது. அதை இப்ராஹிம் எழுதினார். யாரும் ‘நல்லது’ என்று ஒரு வார்த்தை போடவில்லை. அதன் கீழேயும் கேள்விதான் வந்தது. ஆற்றில் மணல் அள்ளுவதைப் பற்றி எழுதினால் அதன் கீழே கேள்வி. ஓட்டு எண்ணிக்கையைப் பற்றி எழுதினால் அதன் கீழே. புரொபசர் கேட்பதைப் பார்த்து வேறு இரண்டு மூன்று பேரும் அதே மாதிரிப் பணிவாகக் கேட்க ஆரம்பித்தார்கள். ‘தயங்குவது ஏன்?’ ‘சம்பந்தம் இல்லையென்றால் கண்டித்துவிட்டுப் போவதில் என்ன கஷ்டம்?’

ஃபிளோரா இரண்டு தடவை சிவசங்கரனிடம் போய்ச் சொன்னாள்.

“கெட்ட வார்த்தை இருக்கா?”

“இல்ல சார்.”

“வீட்டு ஆளை வைதிருக்காரா?”

“வையல. கேக்குதாரு.”

“மரியாதையாத்தான கேக்குதாரு? அதுல நாம எங்க போய்க் கையை வைக்க?”

இப்போது இப்ராஹிமின் ஒற்றை வரியைப் பார்த்ததும் அதே சிவசங்கரன் துள்ளினார். “பாத்தியா? இதுக்குத்தான் விதி வச்சிருக்கோம். தூக்கு அவரை.”

“சார், ரெண்டு மாசமா அந்த மனுசனைக் குத்திக் குத்தி எடுத்திருக்காங்க.”

“குத்துனதுக்கு விதி இல்லம்மா. வஞ்சதுக்கு இருக்கு.” பிறகு குரலைத் தணித்தார். “ஒண்ணு செய். நேர்ல போய்ப் பாரு. ஒரு மன்னிப்பு எழுதச் சொல்லு. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் இங்கன கூப்பிட்டு, காபி வடை வாங்கிக் குடுத்து, கையைக் குலுக்க வச்சிருவோம். முடிஞ்சு போச்சு.”

மத்தியானம் ஃபிளோரா பஸ் ஏறி சந்திப்புக்குப் போனாள். கடையில் இப்ராஹிமின் மனைவி அலிமா பீவி தரையில் உட்கார்ந்து பத்திரிகைகளை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கட்டுதான் இருந்தது. வழக்கமாக அந்த மாதத்தில் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது.

“வேலை இல்லியா அண்ணே?” என்று கேட்டாள் ஃபிளோரா.

“எங்க தெருக் கல்யாணம் மட்டும் வருது” என்றார் இப்ராஹிம். “மத்தவங்க எல்லாம் பைய வேற கடைக்குப் போயிட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. வரல, அவ்வளவுதான்.”

அவள் தயங்கித் தயங்கி, வந்த விஷயத்தைச் சொன்னாள். மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அலிமா பீவியின் கை நின்றது.

“மேடம்,” என்றார் இப்ராஹிம், “போலீசுக்காரங்க ரெண்டு பேரு வந்து இந்தக் கம்ப்யூட்டரைத் தொறந்து காட்டச் சொன்னாங்க. காட்டுனேன். உள்ள பூராவும் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு. அதையும் ஒண்ணு விடாமப் படிச்சாங்க. கடைச் சொந்தக்காரரு அட்வான்ஸைத் திருப்பித் தாரேன், காலி பண்ணுங்கன்னு சொல்லுதாரு. எதுக்குன்னு கேட்டா, சும்மாத்தான்னு சொல்லுதாரு. இத்தனையும் பாத்துட்டு சாயங்காலம் பலகைக்கு வாரேன். அங்கனயாவது எலெக்சன் பத்திப் பேசலாம்னு வாரேன். அங்கயும் அதே விசாரணைதான்.”

“அண்ணே, ஒரு வரி எழுதிட்டா...”

“கண்டிச்சாச்சு. வருத்தப்பட்டாச்சு. சத்தியம் பண்ணாத குறைதான். இனி மன்னிப்பும் கேக்கணுமா?” அவருக்குக் குரல் ஏறியது. “மாட்டேன். என்னையத் தூக்கிருங்க. அந்தச் சொல்லை எழுதும்போது எனக்கு விதி தெரியும். தெரிஞ்சுதான் எழுதுனேன்.”

அலிமா பீவி தலையைத் தூக்கினாள். “இவ்வளவு நாளும் நீங்களும் அதப் படிச்சுக்கிட்டுத்தான இருந்தீங்க?” என்றாள். குற்றம் சாட்டுகிற மாதிரிக்கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

ஃபிளோரா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குச் சிவசங்கரன்மேல் கோபம் வந்தது, புரொபசர்மேல் வந்தது, பக்கத்து சீட்டில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிய பெண்மேல்கூட வந்தது. ஆற்றுப் பாலம் வந்தபோது எல்லாம் சேர்ந்து தன்மேலேயே வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுப் பேர் வந்தார்கள். வகுப்பு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார் சிவசங்கரன். காந்திமதிநாதன் வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக வந்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டு உட்கார்ந்தார். இரண்டு வருஷம் முன்னால் வெளியே தள்ளப்பட்ட வக்கீல் குமரகுருபரன் வந்திருந்தார். பல் டாக்டர் சுகிர்தா வந்திருந்தாள்; வக்கீலோடு சண்டை போட்ட டாக்டர் வேறு ஆள். பலகையில் எழுதுகிற ஒரே பெண் அவள்தான்.

“இப்ராஹிம் வரலியா?” என்று கேட்டார் புரொபசர்.

“வர மாட்டாராம். மன்னிப்பும் கேக்க மாட்டாராம்” என்றாள் ஃபிளோரா.

“வருத்தமா இருக்கு. நான் என்ன கேட்டேன்? ஒரு கேள்வி. மரியாதையா ஒரு கேள்வி. ஜனநாயகத்துல அதுகூடக் கேக்கக் கூடாதா?”

“கேக்கலாம் சார். நானும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?”

“தாராளமாக் கேளும்மா.”

ஃபிளோரா முன்கூட்டி எதுவும் யோசித்து வரவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தாள். “போன வாரம் பேப்பர்ல வந்துதே சார், ஒரு ஆபீசர் வரதட்சணைக்காகப் பொண்டாட்டியைக் கொளுத்திட்டான்னு. அவன் உங்க ஆளுதானாம். நீங்க கண்டிக்கிறீங்களா?”

புரொபசர் சிரித்தார். “இதென்ன கேள்வி? யார் செஞ்சாலும் கண்டிக்கத்தான் செய்வேன்.”

“மனதாரவா?”

“ஆமாம்மா.”

“உங்க வீட்டாரும் உறவுக்காரங்களும் இப்படித்தான் பேசிக்கிடுதாங்களா?”

சுகிர்தா சட்டென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். “ஃபிளோரா, வடை ஆறுது, எல்லாருக்கும் குடு” என்றார் சிவசங்கரன்.

அவள் அசையவில்லை. “மேக்க ஒரு ஊர்ல காலனிக்காரங்க வயலுக்குத் தண்ணி போகாம மடையை அடைச்சு வச்சாரே ஒரு பண்ணையாரு. அவரும் உங்க ஆளுதான். கண்டிக்கிறீங்களா?”

“கண்டிக்கிறேன்.” இப்போது சிரிப்பு இல்லை.

“மனதாரவா சார்?”

“என்னம்மா இது, விளையாட்டு?”

“விளையாட்டு இல்ல சார். அறிய ஆவல். அயோத்தியில இடிச்சாங்களே, அதக் கண்டிக்கிறீங்களா?”

“அது வேற விஷயம். அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லைன்னா கண்டிச்சுட்டுப் போறதுல என்ன கஷ்டம்? தயங்குறது ஏன்?”

காந்திமதிநாதனின் முகம் கறுத்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்தார்.

“ஏட்டி, யாருகிட்ட பேசுதன்னு தெரியுதா? மீன்கூடை தூக்குன சாதிக்குக் கேள்வி ஒரு கேடா?”

அதன் பின்னால் ஒரு சொல் வந்தது. இப்ராஹிம் எழுதிய சொல் இல்லை. அதைவிடக் கீழானது, பெண்களைச் சொல்வதற்கென்றே இருப்பது.

ஃபிளோராவின் அம்மா கடற்கரையிலிருந்து மீன்கூடை சுமந்து வந்து விற்றுத்தான் அவளைப் படிக்க வைத்தாள். அந்தக் கூடையைச் சொன்னது அவளுக்கு அவமானமாக இல்லை. இத்தனை நாள் ‘அம்மா, அம்மா’ என்று கூப்பிட்ட அந்த வாய்க்குள் அந்தச் சொல் தயாராக உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்கு உறைத்தது. காபியை அவர் சட்டைமேல் ஊற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு சொன்னாள்: “விதிப்படி ஒரு மாசம் வெளிய, சார்.”

“இரு, இரு” என்று எழுந்தார் சிவசங்கரன். “இது பலகை இல்ல ஃபிளோரா. நேர்ல பேசுனது. விதி பலகைக்குத்தான்.”

“பெரிய மனுசரைப் போட்டு இப்படிச் சீண்டலாமா?” என்றார் வக்கீல் குமரகுருபரன். “இந்த மாதிரி நோண்டி நோண்டிக் கேட்டா யாருக்குத்தான் கோவம் வராது?”

“இத ஏன் இப்ராஹிம் அண்ணனுக்கு நீங்க சொல்லல?” ஃபிளோரா கத்திவிட்டாள். “ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா அவரை நோண்டுனாங்கள்லா? நீங்களும் ஒரு நாள் கேட்டீங்கள்லா? உங்க புரொபசருக்கு அஞ்சு நிமிசம் தாங்கல!”

“புரொபசர் மன்னிப்புக் கேக்கணும்” என்றாள் சுகிர்தா. மெதுவாகத்தான் சொன்னாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. காந்திமதிநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பின்னாலேயே நாலு பேர் போனார்கள். தட்டில் வடை அப்படியே இருந்தது.

மறுநாள் காலை சிவசங்கரன் வருவதற்கு முன்னால் ஃபிளோரா பலகையில் மூன்று காரியம் செய்தாள். இப்ராஹிமை ஒரு மாதம் நீக்கினாள். காந்திமதிநாதனையும் ஒரு மாதம் நீக்கினாள். பிறகு நாலாவது விதி என்று ஒன்று எழுதினாள்: ‘ஒருவரிடம் அவருடைய கருத்தைக் கேட்கலாம். யாரோ செய்ததற்கு அவரைக் கூண்டில் ஏற்றக் கூடாது. பதில் சொன்ன கேள்வியை மறுபடி கேட்டால் அதுவும் வசவுதான்.’

சிவசங்கரன் வந்து படித்தார். நாலாவது விதியை அழித்தார். ஃபிளோரா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்ததும் உட்கார்ந்து திரும்ப அடித்தாள்.

“ஃபிளோரா, புரொபசர் சொல்லி எத்தனை பிள்ளைங்க இங்க வந்து சேந்திருக்கு தெரியுமா?”

“என் கிளாஸுன்னு கேட்டு எத்தனை பிள்ளைங்க வந்து சேருதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? இந்த விதியை அழிங்க. நான் முருகன்குறிச்சியில இருக்கிற சென்டருக்குப் போயிருதேன். ரெண்டு வருசமா கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க.”

“சமாதானமாப் போகணும்னுதான உன்னையப் போட்டேன்?”

“நீங்க கேட்டது சமாதானம் இல்ல சார். சத்தம் வரக் கூடாதுன்னு கேட்டீங்க. குத்து வாங்குதவன் கத்தாம இருந்தா உங்களுக்குப் போதும்.”

சிவசங்கரன் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். கடைசியில், “இருந்துட்டுப் போகட்டும்” என்றார். நியாயம் புரிந்து சொல்லவில்லை, வகுப்பு காலியாகிவிடும் என்ற பயத்தில்தான் சொன்னார். ஃபிளோராவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அதனால் ஜெயித்த மாதிரியும் இல்லை.

விஷயம் சந்திப்புக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் இப்ராஹிமே சென்டருக்கு வந்தார். உள்ளே வரவில்லை, படிக்கட்டிலேயே நின்றார்.

“என்னைய நீக்குனது சரி. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை நடந்தது... எனக்காகவா பேசுனீங்க?”

ஃபிளோரா வாசலுக்கு வந்தாள்.

“நாளைக்கு அவரு என்ன சொல்லுவாரு தெரியுமா? துலுக்கன் ஒரு பொம்பளையத் தூண்டிவிட்டு என்னைய அவமானப்படுத்திட்டான்னு சொல்லுவாரு. அப்படித்தான் சொல்லிக்கிட்டும் இருக்காரு. கடைச் சொந்தக்காரரு காதுக்கும் போயாச்சு. நீங்க பேசிட்டு வந்துட்டீங்க. விலை நான் குடுக்கணும்.”

“உங்களுக்காகப் பேசல அண்ணே” என்றாள் ஃபிளோரா. “எனக்காகத்தான் பேசுனேன். அலிமாக்கா கேட்டாங்களே, நீங்களும் படிச்சுக்கிட்டுத்தான இருந்தீங்கன்னு. அது தாங்க முடியாமப் பேசுனேன்.”

இப்ராஹிம் அவளை ஒரு முறை பார்த்தார். “அப்ப சரி” என்றார். இறங்கிப் போய்விட்டார்.

ஒரு மாதம் முடிந்தது. காந்திமதிநாதன் திரும்பி வரவில்லை. அவரோடு போன நாலு பேரும் வரவில்லை. இப்ராஹிமும் வரவில்லை. அவர் கடையைக் காலி செய்து மேலப்பாளையத்துக்கே கொண்டு போய்விட்டதாகச் சுகிர்தா ஒரு நாள் சொன்னாள். மார்க்கெட் பக்கம் ஒரு நாள் புரொபசர் எதிரே வந்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி, “நல்லாருக்கியாம்மா?” என்று அன்பாகக் கேட்டார். ஃபிளோரா நிற்காமல் நடந்தாள். யாரோ தெரிந்தவர் பார்த்துவிட்டு, பெரியவரை இப்படியா மூஞ்சியில அடிக்கிறது என்று சிவசங்கரனிடம் சொல்லியிருக்கிறார். அதையும் கேட்டுக்கொண்டாள்.

பலகையில் ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். சில நாள் ஒரு செய்திகூட இருக்காது.

ஜூலையில், சாரல் பிடித்திருந்த ஒரு காலையில் மெஷினைப் போட்டாள். இப்ராஹிம் எழுதியிருந்தார். நீளமான செய்தி. பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது, மேலப்பாளையத்தில் குழாயில் தண்ணீர் வருவதில்லை, வருகிற அன்றைக்கும் சாக்கடை நாற்றம், கவுன்சிலர்கள் தூங்குகிறார்கள் என்று காய்ச்சி எடுத்திருந்தார். அதன் கீழே சுகிர்தா: கவுன்சிலரைத் திட்டி என்ன பிரயோஜனம், குழாய் போட்டே நாற்பது வருஷம், இப்ராஹிம் சொல்வது வெறும் மேடைப்பேச்சு, அவருக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குக் கீழே மறுபடி இப்ராஹிம்: டாக்டருக்குப் பல்லைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியாது.

ஃபிளோரா இரண்டாவது தடவையும் படித்தாள். அந்தக் கேள்வி எங்கேயும் இல்லை. தண்ணீர் சண்டை மட்டும்தான்.

வகுப்புப் பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் தெருவிலும் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. மாநகராட்சி ஆபீசில் போய்க் கேட்டதற்கு ஒரு கிளார்க் அவளை நிற்க வைத்தே பதில் சொல்லி அனுப்பியிருந்தான். நீங்கள் இரண்டு பேரும் சொல்வது தப்பு என்று ஆரம்பித்து, விசைப்பலகை தடதடக்க எழுதத் தொடங்கினாள்.